விழுந்த மரத்தை யார் வெட்டுவது? ஒரு பழைய ரம்பத்தின் கதை

இந்த எபிசோட் ஒரு சின்னக் கேள்வியில ஆரம்பிக்குது. காட்டுக்குள்ள ஒரு நடைபாதை போகுது. ராத்திரி அடிச்ச காத்துல ஒரு பெரிய மரம் பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடக்கு. அதை யார் எடுப்பாங்க, எப்படி எடுப்பாங்க?

"ஒரு மெஷின் ரம்பத்தைக் கொண்டு போய் ரெண்டு துண்டா வெட்டி உருட்டி விட்டா முடிஞ்சுது, இதுல என்னப்பா வரலாறு?"ன்னு கேப்பீங்க. இருக்கு. அமெரிக்காவில் 11 கோடி ஏக்கருக்கும் மேல வனப்பகுதி இருக்கு, அதுக்குள்ள அந்த மெஷின் ரம்பத்தை, அதாவது செயின்சாவை, சாதாரணமா பயன்படுத்த முடியாது. சட்டமே விடாது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு இழுக்கிற பழைய கை ரம்பத்தை வெச்சுத்தான் இன்னைக்கும் அங்க பாதையைத் திறக்கிறாங்க.

கையில போன், தலைக்கு மேல சேட்டிலைட், ஆனா மரத்தை வெட்ட மட்டும் தாத்தா காலத்து ரம்பம். கேக்க வேடிக்கையா இருக்கும். ஆனா இந்தச் சட்டம் யாருமே திட்டமிடாத ஒரு நல்லதைச் செஞ்சுது. மரத்தைப் பாதுகாப்பா வெட்டுற ஒரு அறிவு அழியுற நிலைமையில இருந்துச்சு. அதை இந்தச் சட்டம் காப்பாத்திக் கொடுத்துச்சு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

கோடாலியில இருந்து செயின்சா வரைக்கும்

முதல்ல ரம்பத்தோட வரலாறு கொஞ்சம். 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில மரம் வெட்டுறவங்க நிக்கிற மரத்தைக் கோடாலியாலதான் சாய்ச்சாங்க. விழுந்த மரத்தைத் துண்டு போட மட்டும்தான் ரம்பம். 1880-கள்லதான் நிக்கிற மரத்தையே ரம்பத்தால அறுக்கிற பழக்கம் பரவலா வந்துச்சு.

அந்த ரம்பம் சாதாரணப்பட்ட சாமான் இல்ல. அதுல ரெண்டு வகைப் பல் இருக்கும். ஒரு வகை, கத்தி மாதிரி ரெண்டு பக்கமும் மர நாரைக் கீறிக்கிட்டே போகும். இன்னொரு வகை, உளி மாதிரி அந்தக் கீறலுக்கு நடுவுல இருக்கிறதைச் சீவி எடுக்கும். சீவினது வெளியே வர, பல்லுக்கு நடுவுல குழி இருக்கும். நல்லாத் தீட்டின ரம்பத்துல இருந்து மரத்தூள் கொட்டாது, நூடுல்ஸ் மாதிரி நீள நீளமா சீவல் வரும். சீவல் எவ்வளவு நீளமோ, ரம்பம் அவ்வளவு நல்லா இருக்குன்னு அர்த்தம்.

சீவுற பல், கீறுற பல்லைவிடக் கொஞ்சம் குட்டையா இருக்கணும். எவ்வளவுன்னா, ஒரு இன்ச்சை ஆயிரமாப் பிரிச்சு அதுல சில பங்கு. அது கூடிப்போனாலும் குறைஞ்சு போனாலும் ரம்பம் சரியா வெட்டாது. இதைக் கையால அரம் போட்டுச் சரி பண்றதுக்கே ஒவ்வொரு மரம் வெட்டுற கேம்ப்லயும் தனியா ஒரு ஆள் இருப்பார். அவருக்குன்னு ஒரு கொட்டகை. கேம்ப்ல நல்ல மரியாதை உள்ள ஆள் அவர். அவர் அரம் சரியில்லைன்னா அன்னைக்கு எல்லாருக்கும் முதுகு போச்சு. அந்த ரம்பத்துக்கு அவங்க வெச்ச பட்டப்பேரே 'துயரச் சாட்டை'ங்கிற அர்த்தத்துல வரும்.

அப்புறம் இன்ஜின் வந்துச்சு. 1926-ல் ஜெர்மனியில ஆண்ட்ரியாஸ் ஸ்டில் மின்சாரத்துல ஓடுற செயின்சா ஒண்ணைக் கொண்டு வந்தார். ரெண்டு பேர் சேர்ந்து தூக்கணும், அவ்வளவு கனம். இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம் இலகுவான உலோகங்கள், சின்ன இன்ஜின்கள் எல்லாம் வந்து, ஒரே ஆள் தூக்கிட்டுப் போற அளவுக்கு மாறிச்சு.

இதுக்கு நடுவுல ஒரு சுவாரசியமான ஆள். 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துல ஜோ காக்ஸ் என்கிற மரம் வெட்டுறவர், ஒரு வண்டோட புழு மரத்தைத் தின்னுக்கிட்டே போறதைக் கவனிச்சார். அது நாரோட திசையிலயும் போகுது, குறுக்கேயும் போகுது, எதுலயும் சிக்கவே இல்ல. அதோட தாடை ரெண்டும் இடதும் வலதுமா மாறி மாறிக் கடிக்குது. அதைப் பார்த்து செயின்சாவுக்கு ஒரு புது மாதிரி பல்லை வடிவமைச்சார். இன்னைக்கு உலகம் முழுக்க ஓடுற செயின்சா சங்கிலிகள் பெரும்பாலும் அந்த வடிவத்தோட வாரிசுகள்தான். ஒரு புழுகிட்ட இருந்து வந்த டிசைன் எண்பது வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு!

விளைவு என்ன? ஒரு மணி நேர வேலை அஞ்சு நிமிஷத்துல முடியுது. கை ரம்பத்துக்கு ஆள் இல்ல. ரம்பக் கம்பெனிகள் தரமான ரம்பம் செய்யறதைக் குறைச்சுக்கிட்டாங்க. அரம் போடுறவர் வேலை போச்சு. அவர் தெரிஞ்சு வெச்சிருந்ததை எழுதி வெக்கணும்னு பெருசா யாருக்கும் தோணவும் இல்ல. நம்ம ஐடி பாஷையில சொன்னா, டாக்குமென்டேஷன் இல்லாத லீகசி சிஸ்டம். தெரிஞ்ச ஒரே ஆள் ரிட்டயர் ஆகப் போறார்.

1964: சட்டம் போட்ட முட்டுக்கட்டை

இந்த நேரத்துலதான் ஒரு திருப்பம். 1964 செப்டம்பர் 3. அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வனாந்தரப் பாதுகாப்புச் சட்டத்துல கையெழுத்துப் போடுறார். சுமார் 91 லட்சம் ஏக்கர் நிலம் ஒரே நாள்ல அந்தப் பாதுகாப்புக்குள்ள வருது. இன்னைக்கு அது 800-க்கும் மேற்பட்ட பகுதிகளா வளர்ந்திருக்கு.

அந்தச் சட்டத்தை எழுதினவர் ஹோவர்ட் ஸாநைசர். எட்டு வருஷப் போராட்டம், 66 வரைவுகள். ஒரு டாக்குமென்டுக்கு 66 வெர்ஷன்! ஆனா கையெழுத்தாகிறதை அவர் பார்க்கல. நாலு மாசம் முன்னாடி, அந்த மே மாசமே இறந்துட்டார்.

அந்தச் சட்டத்துல ஒரு பிரிவு சொல்லுது: இந்தப் பகுதிகள்ல மோட்டார் வாகனம் கூடாது, மோட்டார் கருவிகள் கூடாது. மனுஷன் அங்க வந்து போற விருந்தாளி, அவ்வளவுதான்ங்கிறது அதோட தத்துவம். விதிவிலக்கு உண்டு. அந்த இடத்தை நிர்வகிக்கக் குறைந்தபட்சத் தேவை எதுவோ அது, மனுஷ உயிருக்கு ஆபத்துங்கிற அவசர நிலைமை, இந்த மாதிரி. ஆனா 'வேலை சீக்கிரம் முடியும்'ங்கிறது காரணமா செல்லாது.

கவனிங்க, இந்தத் தடை பாதுகாப்புக்காக வந்தது இல்ல. செயின்சா ஆளைக் கொல்லும்னு யாரும் தடை போடல. காடு காடா இருக்கணும், சத்தம் வேணாம், அதுக்காகப் போட்டது. ஆனா நடைமுறையில என்ன ஆச்சு? காட்டுத் துறை பாதைகளைத் திறந்து வெக்கணும். மரங்கள் வருஷா வருஷம் விழுந்துக்கிட்டே இருக்கும். செயின்சா கூடாது. அப்போ பழைய ரம்பத்தைத் தூசி தட்டி எடுக்க வேண்டியதுதான். எடுத்துப் பார்த்தா, தீட்டத் தெரிஞ்ச ஆளே அரிது!

இதுக்கு வழி காட்டினவங்கள்ல முக்கியமானவர் வாரன் மில்லர். ஐடஹோ மாநிலத்துல மூஸ் கிரீக் என்கிற வனச் சரகத்துல வேலை பார்த்தவர். அது செல்வே-பிட்டர்ரூட் வனாந்தரத்துக்குள்ள இருக்கு, அதனால அங்க கை ரம்பம்தான் அன்றாடக் கருவி. அவர் எழுதி 1977-ல் காட்டுத் துறையோட கருவி ஆய்வு மையம் வெளியிட்ட ஒரு சின்னக் கையேடு இருக்கு. ரம்பத்தை எப்படி நேராக்குறது, பல்லை எப்படிச் சமன் பண்றது, எவ்வளவு விரிக்கிறது, எல்லாம் படம் போட்டு எழுதியிருக்கார். இன்னைக்கும் இந்த வேலைக்கு வர்றவங்க கையில முதல்ல குடுக்கிற புத்தகங்கள்ல அது ஒண்ணு.

யாரோ ஒருத்தர் உக்காந்து எழுதி வெச்சாலே ஒரு தொழில் பிழைச்சுக்கும். நம்ம ஆபீஸ்ல 'அப்புறம் டாக்குமென்ட் பண்ணிக்கலாம்'னு தள்ளிப்போடுற எல்லாருக்கும் இதை சமர்ப்பிக்கிறேன்.

விழுந்த மரம் சும்மா கிடக்கல

சரி, ரம்பம் இருக்கு. இப்போ வெட்டுவோம். இங்கதான் ஆபத்தே ஆரம்பிக்குது. விழுந்த மரத்தைப் பார்த்தா செத்துப்போய்க் கிடக்கிற மாதிரி தெரியும். அது சும்மா கிடக்கல. இழுத்துப் பிடிச்ச வில் மாதிரி விசையைத் தேக்கி வெச்சுக்கிட்டுக் கிடக்கு.

ஒரு ஸ்கேலை ரெண்டு புத்தகத்து மேல பாலம் மாதிரி வெச்சு நடுவுல அழுத்துங்க. மேல் பக்கம் நெருங்கும், கீழ்ப் பக்கம் இழுபடும். ரெண்டு மேட்டுக்கு நடுவுல தொங்குற மரமும் அதேதான். மேலே அழுத்தம், கீழே இழுவிசை. தெரியாம மேல இருந்து அறுத்துக்கிட்டே போனா, வெட்டு வாய் மூடி ரம்பத்தைக் கவ்விக்கும். அப்புறம் நீங்க எடுக்க முடியாது.

இப்போ அதே ஸ்கேலை மேஜை ஓரத்துல பாதி வெளியே நீட்டி, நுனியைக் கீழே அழுத்துங்க. எல்லாம் தலைகீழ். மேலே இழுவிசை, கீழே அழுத்தம். ஒரு முனை அந்தரத்துல நிக்கிற மரம் இப்படித்தான். இதை மேல இருந்து வெட்டினா பாதி வெட்டும்போதே படார்னு பிளந்து கீழே விழும். கால் கீழ இருந்தா அவ்வளவுதான்.

மூணாவது வகை இன்னும் மோசம். மரம் நிக்கிற ரெண்டு மூணு மரங்களுக்கு நடுவுல பக்கவாட்டுல வளைஞ்சு சிக்கியிருக்கும். வெட்டின உடனே அது வளைவோட வெளிப்பக்கமா வீசும். அந்தப் பக்கம் நிக்கிறவரைத் தூக்கி அடிச்சிடும். அதனால எந்தப் பக்கம் நிக்கிறோம்ங்கிறதே உயிர் பிரச்சினை.

பொதுவிதி என்னன்னா, அழுத்தம் இருக்கிற பக்கத்துல முதல்ல கொஞ்சம் வெட்டணும், அப்புறம் இழுவிசை இருக்கிற பக்கத்துல வந்து முடிக்கணும். நடுவுல வெட்டு வாய் மூடாம இருக்க ஆப்பு அடிக்கணும்.

ஆப்புன்னதும் உங்களுக்கு ஒரு கதை ஞாபகம் வந்திருக்கும். ஆப்பசைத்த குரங்கு! பாதி அறுத்த மரத்துல தச்சர் ஆப்பு வெச்சுட்டுப் போவார், குரங்கு போய் அந்த ஆப்பைப் பிடுங்கும், பிளவு சட்டுனு மூடி மாட்டிக்கும். சின்ன வயசுல 'தேவையில்லாத வேலை பார்க்காதே'ங்கிற நீதிக்கு அந்தக் கதையைச் சொன்னாங்க. இப்போ யோசிச்சுப் பாருங்க, அது ஒரு விபத்து அறிக்கை. மரத்துக்குள்ள விசை தேங்கியிருக்கு, அதைத் தடுத்து வெச்சிருக்கிறது ஒரு சின்ன ஆப்பு, அது தெரியாம ஒருத்தன் கை வெக்கிறான். காட்டுப் பாதையில நடக்கிற பல விபத்துகளோட சாரமும் இதுதான்.

இன்னும் ரெண்டு வில்லன்கள் இருக்காங்க. ஒண்ணு, வேரோட சாய்ஞ்ச மரம். வேரும் மண்ணும் சேர்ந்து ஒரு சுவர் மாதிரி செங்குத்தா நிக்கும். அடிமரத்தோட கனம்தான் அதை அப்படிப் பிடிச்சு வெச்சிருக்கு. அடிமரத்தை வெட்டி எடுத்ததும் அந்தச் சுவர் பழையபடி குழிக்குள்ள சாய்ஞ்சு உக்காரும், சில நேரம் மிச்சக் கட்டையையும் நிமிர்த்திக்கிட்டே. குழிக்குள்ள யாராவது நின்னா? சொல்லவே வேணாம். ரெண்டாவது, பெரிய மரத்துக்கு அடியில சிக்கி வில்லா வளைஞ்சு கிடக்கிற இளங்கன்று. பார்க்க ஒண்ணும் இல்லாத குச்சி மாதிரி இருக்கும். தொட்டு விட்டா முகத்துல அறையும். அறைஞ்ச வேகத்துல ஆளையே முடிச்சிடும்.

மேல பார்க்கிறதையும் மறந்துடக் கூடாது. மரம் விழும்போது பக்கத்து மரக் கிளைகளை உடைச்சுட்டுத்தான் விழும். உடைஞ்ச கிளை கீழ விழாம மேல தொங்கிக்கிட்டு இருக்கும். அமெரிக்க மரம் வெட்டிகள் அதுக்கு வெச்ச பேரோட அர்த்தம், 'பெண்டாட்டியை விதவையாக்குறது'. பேர்லயே எல்லாம் இருக்கு.

மெதுவா வெட்டுறதுல ஒரு லாபம்

இப்போ கை ரம்பத்துக்கு வருவோம். செயின்சா சங்கிலி விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்துல ஓடும். சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காதுல அடைப்பான் போட்டுத்தான் வேலை. மரத்துல அழுத்தம் எங்க இருக்குன்னு நீங்க தப்பாக் கணிச்சிருந்தா, அது தெரியறதுக்குள்ள பாதி வெட்டி முடிச்சிருப்பீங்க.

கை ரம்பத்துல அப்படி இல்ல. வெட்டு மெதுவா இறங்கும். வாய் மூட ஆரம்பிச்சா ரம்பம் கனமாகும், கைக்கே தெரியும். வாய் திறந்தா இலகுவாகும். நார் விட ஆரம்பிச்சா 'டிக்', 'டிக்'குன்னு மரம் சத்தம் போடும், அதைக் காதால கேக்கலாம். ரெண்டு பேரும் நிறுத்தி, பின்னால நகர்ந்து, மறுபடி பார்க்கலாம். அதாவது ஒவ்வொரு இழுப்புக்கும் மரம் நமக்கு ஃபீட்பேக் குடுக்குது.

இதுல ஒரு அழகான விதி உண்டு. ரம்பத்தை இழுக்கத்தான் செய்யணும், தள்ளவே கூடாது. நீங்க இழுக்கும்போது எதிராள் பிடியைத் தளர்த்தி விடணும், அவர் இழுக்கும்போது நீங்க விடணும். தள்ளினா தகடு வளையும், மாட்டும். எதிராளை நம்பி விட்டுக்கொடுத்தாத்தான் வெட்டு நேராப் போகும். பேர் ப்ரோகிராமிங் பண்ணவங்களுக்கு இது புரியும்.

கை ரம்பம்னா ஆபத்தே இல்லைன்னு சொல்ல வரல. சிக்கின மரம் எந்த ரம்பத்தால வெட்டினாலும் அதே வேகத்துலதான் அடிக்கும். காட்டுத் துறை இதை நல்லாவே புரிஞ்சு வெச்சிருக்கு. அவங்க நிலத்துல கை ரம்பமோ செயின்சாவோ எதை எடுக்கிறதா இருந்தாலும், சம்பளத்துக்கு வர்றவரோ தன்னார்வலரோ, பயிற்சி எடுத்து, காட்டுலயே வெட்டிக் காட்டி, சான்றிதழ் வாங்கணும். முதலுதவி தெரிஞ்சிருக்கணும். மூணு வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கணும். 2016-ல் இதை நாடு முழுக்க ஒரே விதியாக் கொண்டு வந்தாங்க.

அந்தப் பயிற்சியில அஞ்சு கேள்வி சொல்லிக் குடுக்கிறாங்க. ஒவ்வொரு மரத்துக்கும், எவ்வளவு சின்ன மரமா இருந்தாலும், ரம்பத்தைத் தொடுறதுக்கு முன்னாடி இதைக் கேட்டே ஆகணும்.

நோக்கம் என்ன? இதை வெட்டித்தான் ஆகணுமா, நாம வெட்டணுமா?
ஆபத்துகள் என்ன? மேலே, கீழே, சுத்தி, பாதையில வர்ற ஆட்கள் உட்பட.
சாய்வும் அழுத்தமும் எங்க? எந்தப் பக்கம் நெருங்குது, எந்தப் பக்கம் இழுக்குது?
தப்பிக்கிற வழி எது? அதுல கல்லும் கிளையும் இல்லாம முன்கூட்டியே சுத்தம் பண்ணியாச்சா?
கடைசியா, வெட்டுற திட்டம் என்ன? எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறோம், யார் எங்க நிக்கிறோம்?

பாருங்க, ரம்பத்தைப் பத்தின கேள்வி அஞ்சாவதுலதான் வருது. முதல் நாலும் பார்க்கிறதும் யோசிக்கிறதும். முதல் கேள்விக்கே 'இல்ல, வேணாம்'னு பதில் சொல்லிட்டுத் திரும்பி வர்றதுக்கும் முழு மரியாதை உண்டு. புரொடக்‌ஷன்ல கை வெக்கிறதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஒரு செக்லிஸ்ட் நம்மகிட்ட எத்தனை டீம்ல இருக்கு?

மரங்கள் லட்சக்கணக்குல விழுந்தா?

ஒரு மரம்னா சரி. 1999 ஜூலை 4-ஐ எடுத்துக்குவோம். அமெரிக்கச் சுதந்திர தினம், விடுமுறை வாரம். மினசோட்டா மாநிலத்தோட வடக்கு எல்லையில, கனடாவை ஒட்டி, பவுண்டரி வாட்டர்ஸ்னு ஒரு வனாந்தரம். 10 லட்சம் ஏக்கருக்கு மேல ஏரியும் காடும். ஜனங்க சின்னப் படகுல துடுப்புப் போட்டுப் போய், ஏரிக்கும் ஏரிக்கும் நடுவுல இருக்கிற ஒத்தையடிப் பாதையில படகைத் தோள்ல தூக்கிட்டு நடப்பாங்க.

அன்னைக்கு மணிக்கு 80 முதல் 100 மைல் வேகத்துல ஒரு நேர்கோட்டுப் புயல்காத்து அந்தக் காட்டைக் கடந்துச்சு. அந்தக் காத்து மொத்தமா 1,300 மைல் தூரம் பயணம் பண்ணிச்சு. அந்தப் பகுதியில விழுந்த மரங்கள் கோடிக்கணக்குல. சுமார் 60 பேருக்குக் காயம்.

சென்னையில வர்தா புயல் பார்த்தவங்களுக்கு ஒரு தெருவுல நாலு மரம் விழுந்தா எப்படி இருக்கும்னு தெரியும். இங்க கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணு குச்சி குச்சியாக் கொட்டி வெச்ச மாதிரி. இதுல ஒவ்வொரு மரமும் இன்னொரு மரத்தைத் தாங்கிக்கிட்டு இருக்கும், அதுவும் இன்னொண்ணு மேல சாய்ஞ்சிருக்கும். எதை முதல்ல வெட்டினா எது நகரும்? ஒரு லைப்ரரியை அப்டேட் பண்ணப் போய் மொத்த டிபென்டென்சியும் உடையற கதைதான். ஆனா இங்க உடையறது எலும்பு.

இந்த அளவுக்குப் போகும்போதுதான் உண்மையான சங்கடம் வருது: மனசாட்சிப்படி எது பாதுகாப்பு?

2019-ல் கொலராடோவுல இதே கேள்வி வந்துச்சு. வெமினூச்சி, சவுத் சான் வான் என்கிற ரெண்டு வனாந்தரப் பகுதிகள்ல, பட்டையைத் துளைக்கிற ஒரு வண்டு ஸ்ப்ரூஸ் மரங்களைப் பெருமளவுல சாகடிச்சிருந்துச்சு. செத்த மரங்கள் பாதை மேல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. கை ரம்பத்தால ஈடு குடுக்க முடியல. காட்டுத் துறை அங்க தற்காலிகமா செயின்சாவுக்கு அனுமதி குடுத்துச்சு. சில சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டாங்க. அந்த வருஷமே துறை அந்த முடிவைத் திரும்ப வாங்கிக்கிச்சு.

ரெண்டு பக்க வாதத்தையும் நாம நேர்மையாப் பார்க்கணும். செத்து நிக்கிற மரங்களுக்கு அடியில ஒரு ஆள் நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் ஆபத்து. அஞ்சு நிமிஷத்துல வெட்டிட்டு நகர்றது மேலா, அரை மணி நேரம் அங்கயே நின்னு இழுக்கிறது மேலா? இது அலட்சியப்படுத்துற வாதம் இல்ல. மறுபக்கம், 'வேலை ஜாஸ்தி'ங்கிறதுக்காக ஒருமுறை விதியைத் தளர்த்தினா, அடுத்தடுத்த தடவை அதே காரணம் போதும். ஆள் போதலைன்னா ஆளையும் பயிற்சியையும் கூட்டுங்க, சட்டத்தைக் குறைக்காதீங்கன்னு அவங்க கேக்கறாங்க.

எனக்கு ரெண்டாவது பக்கம்தான் சாய்வு அதிகம். காரணம் காட்டோட அமைதி மட்டும் இல்ல. அந்தத் தடை இல்லைன்னா 1977-ல் அந்தக் கையேட்டுக்குத் தேவையே வந்திருக்காது. மரத்தைப் படிக்கத் தெரிஞ்ச ஒரு தலைமுறை உருவாகியிருக்காது. அந்த அறிவு செயின்சா பிடிக்கிறவங்களுக்கும் அப்படியே உதவுது. அதே நேரம், அந்தப் பிடிவாதத்துக்கான விலையைக் காட்டுக்குள்ள வேலை செய்யறவங்கதான் குடுக்கறாங்க, மைக் முன்னாடி உக்காந்திருக்கிற நான் இல்ல. அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

புயலுக்கு அப்புறம் யார் வர்றாங்க?

இந்த அறிவோட அருமை தெரியணும்னா அப்பலாச்சியன் டிரெயிலைப் பார்க்கணும். 14 மாநிலங்கள் வழியாப் போற 2,190 மைலுக்கும் அதிகமான நடைபாதை. 1921-ல் பென்டன் மெக்கே என்கிறவர் யோசனை சொன்னார், 1937-ல் கட்டி முடிச்சாங்க. அடுத்த வருஷமே, 1938 செப்டம்பர்ல, நியூ இங்கிலாந்து பகுதியைப் பெரும் சூறாவளி அடிச்சு பாதையோட ஒரு பகுதியை மரங்களால மூடிடுச்சு. பின்னாடியே உலகப்போர். வெட்டித் திறக்க ஆளே இல்ல. பாதை மறுபடி தொடர்ச்சியாத் திறந்ததுன்னு சொல்ல 1951 ஆயிடுச்சு. 13 வருஷம்!

இப்போ 2024-க்கு வாங்க. செப்டம்பர் கடைசியில ஹெலீன் புயல். டென்னஸி, வட கரோலினா, வர்ஜீனியா பக்கம் 400 மைலுக்கு மேல பாதை பாதிப்பு. ஆயிரக்கணக்குல மரங்கள். ஆனா இந்தத் தடவை சான்றிதழ் வாங்கின தன்னார்வ ரம்பக்காரர்கள் பல கிளப்கள்ல தயாரா இருந்தாங்க. ஓய்வு பெற்ற ஆசிரியர், நர்ஸ், இன்ஜினியர் இந்த மாதிரி ஆட்கள்தான் இந்தக் கிளப்கள்ல இருப்பாங்க. அடுத்த வசந்த காலத்துக்குள்ள பெரும்பகுதி பாதை திறந்துடுச்சு.

ரெண்டு சூழ்நிலையும் ஒண்ணு இல்ல, நடுவுல ஒரு உலகப்போரே இருக்கு. ஆனாலும் 13 வருஷம் எங்க, ஆறேழு மாசம் எங்க? மெஷின் மட்டும் காரணம்னு நான் நம்பல. யார் வெட்டலாம், யார் வெட்டக் கூடாது, எப்போ திரும்பி வந்துடணும்னு தெரிஞ்ச ஆட்கள் முன்கூட்டியே தயாரா இருந்தாங்க. புயல் அடிச்ச மறுநாள் அதை யாருக்கும் கத்துக்குடுக்க முடியாது.

நமக்கு இதுல என்ன?

டிரெக்கிங் போற நம்ம மக்களுக்கு நடைமுறையா நாலு விஷயம். பாதையில மரம் விழுந்து கிடந்தா அது மேல ஏறிக் குதிக்காதீங்க, எங்க தாங்கிக்கிட்டு இருக்குன்னு நமக்குத் தெரியாது. வேரோட சாய்ஞ்சிருந்தா அந்தக் குழிப் பக்கம் போகவே வேணாம். வளைஞ்சு நிக்கிற குச்சியை ஒதுக்கித் தள்ளாதீங்க. சுத்திப் போக முடிஞ்சா தலைக்கு மேல பார்த்துட்டுப் போங்க, இல்லைன்னா திரும்பிடுங்க. ஒரு போட்டோ எடுத்து, இடத்தைக் குறிச்சு, வனத்துறைகிட்ட சொல்லுங்க. அதுவே பெரிய உதவி.

நம்ம தெருவுல புயலுக்கு அப்புறம் கயிறும் அரிவாளுமா 'நானே வெட்டிடறேன்'னு கிளம்புற பக்கத்து வீட்டு அண்ணன்கிட்டயும் இதைச் சொல்லுங்க. அதோட அவருக்கு இன்னொண்ணு, மரத்துக்கு அடியில கரன்ட் கம்பி இருக்கான்னு முதல்ல பார்க்கச் சொல்லுங்க. சந்தேகம் இருந்தா கிட்டயே போக வேணாம்.

வாரன் மில்லர் மாதிரி ஆட்களோட பேர் பெரிய வரலாற்றுப் புத்தகங்கள்ல வராது. ஆனா எங்கயோ ஒரு மலைப்பாதையில ரெண்டு பேர் ரம்பத்தை நிறுத்திட்டு, மரம் என்ன சத்தம் போடுதுன்னு காது குடுத்துக் கேட்டு, ஒரு அடி பின்னால நகர்றாங்க பாருங்க, அந்த ஒரு அடியில அவர் இருக்கார்.

உங்க ஏரியாவுல, உங்க வீட்டுல இந்த மாதிரி எழுதி வெக்காமலே அழிஞ்சுக்கிட்டு இருக்கிற ஒரு தொழில் அறிவு இருந்தா, அந்த ஆள்கிட்ட உக்காந்து போன்லயாவது ரெக்கார்ட் பண்ணுங்க. எங்களுக்கும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.